ஒரு கழி, ஒரு கழுதை, ஒரு டாக்ஸி

இங்கிலாந்தில் டெர்பி என்று ஓர் ஊர். ஆகஸ்ட் மாதத்துச் சாயங்காலம். மணி எட்டு. நம்ம ஊரில் எட்டு மணி என்றால் இருட்டிவிடும். அங்கே கோடைக்காலத்தில் அப்போதுதான் பொழுது சாயும். வீடுகளில் ஒவ்வொன்றாக மெழுகுவத்தி ஏற்ற ஆரம்பித்திருக்கிறார்கள்.

பட்டர்ஃபீல்டு என்கிற ஆசாமி மதுக்கடையிலிருந்து கிளம்பி வந்து குதிரையில் ஏறுகிறார். உடனே 'குடித்திருந்தாரா?' என்று கேட்காதீர்கள். போதையில் இருந்தார் என்பதற்குச் சாட்சியம் எதுவுமில்லை என்று வழக்குக் குறிப்பே சொல்கிறது. ஆனால் மனுஷர் குதிரையை விரட்டு விரட்டென்று விரட்டினார். அதற்குச் சாட்சி இருந்தது.

அதே ஊரின் ஒரு கோடியில் ஃபாரஸ்டர் என்பவர் சாலை ஓரத்து வீட்டை ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தார். வேலைக்குத் தோதாக, பொதுச் சாலையின் ஒரு பகுதியை மறித்துக் குறுக்கே ஒரு கழியைப் போட்டு வைத்திருந்தார். போகிறவர்கள் போக பக்கத்திலேயே வேறு வழி இருந்தது. இருந்தாலும் தப்பு தப்புதானே? ஊருக்குச் சொந்தமான சாலையில் குறுக்கே கழி போட இவர் யார்?

விரட்டி வந்த குதிரை கழியில் மோதியது. குதிரையும் விழுந்தது, மனிதரும் விழுந்தார். பலத்த அடி.

பட்டர்ஃபீல்டு கோர்ட்டுக்குப் போனார். கழியைப் போட்டவன் நஷ்டஈடு கொடுக்கட்டும் என்றார். நியாயம்தானே? ஆனால் ஒரு சாட்சி வந்து நின்றான். நூறு கஜ தூரத்திலிருந்தே அந்தக் கழி தெரியுமளவுக்கு வெளிச்சம் இருந்தது, இவர் இத்தனை வேகமாக வராமல் இருந்திருந்தால் பார்த்து ஒதுங்கியிருக்கலாம் என்றான்.

இப்போது நீங்கள்தான் நீதிபதி. சொல்லுங்கள். கழி போட்டவன் மேல் தப்பு. கண்மண் தெரியாமல் குதிரை ஓட்டியவன் மேலும் தப்பு. அடிபட்டவனுக்கு என்ன கொடுப்பீர்கள்?

நம்ம ஊர் ஆலமரத்தடிப் பஞ்சாயத்தாக இருந்தால் பெரிசு ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, 'ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்குப்பா, ஆளுக்குப் பாதி' என்று முடித்திருப்பார். 1809-ல் லண்டனின் உயர்ந்த நீதிமன்றங்களில் ஒன்றான கிங்ஸ் பெஞ்சில், தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு அப்படி முடிக்கவில்லை. ஒருவன் செய்த தப்பு, இன்னொருவன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் கடமையை ரத்து செய்துவிடாது என்றார். சாதாரண கவனம்கூட எடுத்துக்கொள்ளாதவன் அடுத்தவனைக் கை காட்ட முடியாது. ஆகவே பட்டர்ஃபீல்டுக்கு நஷ்டஈடு?

பூஜ்யம்.

பாதி இல்லை. கால் இல்லை. ஒரு பென்னி இல்லை.

தீர்ப்பு என்னமோ ரொம்பச் சின்னது. அச்சில் ஒரு பக்கத்தைத் தாண்டினால் அதிகம். ஆனால் அடுத்த நூற்றைம்பது, நூற்றறுபது வருடங்களுக்கு அட்லாண்டிக்கின் இரண்டு கரைகளிலும், சாலையிலும் ரயிலடியிலும் தொழிற்சாலையிலும் அடிபட்ட எண்ணற்ற பேரின் தலைவிதியை அதுதான் எழுதியது. 'உன் மேலயும் தப்பு இருக்கா? அப்ப உனக்கு ஒண்ணும் கிடையாது.' இதுதான் விதி.

இதன் விபரீதம் சட்டென்று புரியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் மோதி உங்கள் கால் போய்விட்டது. லட்ச ரூபாய் நஷ்டம். மோதியவன் மேல் 99 பங்கு தப்பு. உங்கள் மேல் ஒரே ஒரு பங்கு. ஒரு விநாடி வேறு பக்கம் பார்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான். பழைய விதிப்படி உங்கள் ஒரு பங்குத் தப்புக்குத் தண்டனை ஒரு லட்சம். அவனுடைய 99 பங்குத் தப்புக்குத் தண்டனை ஒன்றுமில்லை. அவன் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

என்ன கணக்கு இது?

நீதிபதிகளுக்கு இந்த அநியாயம் தெரியாமலில்லை. தெரிந்தது. ஆனால் நேரடியாக 'விதி தப்பு' என்று சொல்லாமல், கொல்லைப்புறமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த வழியைத் திறந்துவிட்டது ஒரு கழுதை.

1842. ஒருவர் தன் கழுதையின் முன்னங்கால்களைச் சேர்த்துக் கட்டி, பொதுச்சாலையோரம் மேய விட்டிருந்தார். சாலையில் கழுதையை மேய விடுவது சரியா? சரியில்லை. காலைக் கட்டி விட்டால் அது எப்படி ஒதுங்கும்? ஒதுங்காது. அந்த நேரம் பார்த்து மூன்று குதிரை பூட்டிய பார வண்டி ஒன்று இறக்கத்தில் சற்று வேகமாக வந்தது. ஓட்டுகிறவனோ குதிரைகளுக்குக் கொஞ்சம் பின்னால் தங்கிவிட்டிருந்தான். கழுதை மேல் வண்டி ஏறியது. செத்துப் போனது.

எல்லன்பரோ போட்ட விதிப்படி கழுதைக்காரருக்குச் சல்லிக்காசு கிடைத்திருக்கக் கூடாது. ஆனால் கிடைத்தது. 40 ஷில்லிங். எப்படி? கழுதையை அங்கே விட்டது தப்புதான், இருக்கட்டும். ஆனால் கடைசி நிமிடத்தில் விபத்தைத் தவிர்க்கிற வாய்ப்பு யார் கையில் இருந்தது? வண்டிக்காரன் கையில். நடுச்சாலையில் கழுதை நிற்கிறது என்பதற்காக அதன் மேல் ஏற்றிக்கொண்டு போய்விட முடியுமா? அப்படியானால் சாலையில் தூங்குகிற மனிதன் மேலும் ஏற்றலாமே என்று கேட்டது கோர்ட்.

இதற்குப் பின்னாளில் வந்த பெயர்தான் 'கடைசி வாய்ப்பு' விதி. கடைசியாக யாரால் தவிர்த்திருக்க முடியுமோ, அவன் தலையில் மொத்தப் பாரமும்.

கவனித்தீர்களா? இதிலும் பங்கு பிரிக்கவில்லை. முதல் விதியில் அடிபட்டவனுக்குப் பூஜ்யம். இரண்டாவது விதியில் அடிபட்டவனுக்கு முழுசு. நடுவில் ஒன்றுமே கிடையாது. தராசு என்றால் இரண்டு தட்டிலும் எடை போட்டுப் பார்ப்பது. இவர்கள் வைத்திருந்தது தராசே இல்லை, சுண்டிவிடுகிற காசு. பூவா தலையா மட்டும்தான்.

இத்தனைக்கும் அதே இங்கிலாந்தில், கடலில் வேறு சட்டம் இருந்தது! இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு இரண்டு மாலுமிகள் மேலும் தப்பு என்றால், மொத்த நஷ்டத்தையும் கூட்டி ஆளுக்குப் பாதி என்று பிரித்தது கடல் விவகார நீதிமன்றம். 1911-ல் அதையும் திருத்தி, யார் மேல் எவ்வளவு தப்போ அவ்வளவு பங்கு என்று ஆக்கினார்கள். கப்பலுக்கு ஒரு நியாயம், கழுதைக்கு ஒரு நியாயம், காலொடிந்த மனிதனுக்கு ஒரு நியாயம். கடலில் பிரிக்கத் தெரிந்த கோர்ட்டுக்குக் கரைக்கு வந்ததும் வகுத்தல் கணக்கு மறந்துவிட்டது.

மறந்ததா, மறக்க வைத்தார்களா?

இங்கேதான் ரயில் வருகிறது. டெர்பியில் பிறந்த விதியை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 1824-லேயே எடுத்துக்கொண்டுவிட்டது. அப்போது அது பெரிய விஷயமில்லை. குதிரையும் வண்டியும்தானே? ஆனால் அடுத்த சில பத்தாண்டுகளில் தேசம் முழுக்கத் தண்டவாளம் ஓடியது. லெவல் கிராசிங்கில் வண்டியோடு அடிபட்டவர்கள், தண்டவாளத்தைக் கடக்கும்போது போனவர்கள், எல்லாருக்கும் மேலாக ரயில்வேத் தொழிலாளிகள்.

அந்தக் காலத்தில் இரண்டு ரயில் பெட்டிகளை இணைக்கிற வேலை எப்படி நடந்தது தெரியுமா? ஒரு இரும்பு வளையம், ஒரு இரும்பு முளை. அவ்வளவுதான். பெட்டி ஒன்று நகர்ந்து வரும். இரண்டுக்கும் நடுவில் ஒருவன் நின்று, வளையத்தைக் கையில் பிடித்து, சரியான கணத்தில் உள்ளே விட்டு முளையைச் செருக வேண்டும். அரை விநாடி பிசகினால் விரல் போகும். ஒரு விநாடி பிசகினால் ஆளே போவான். வேலை கேட்டு வருகிறவனின் கையில் விரல் குறைந்திருந்தால், அவன் அனுபவசாலி என்று அர்த்தமாம். அப்படி ஒரு பேச்சு அந்தத் தொழிலில் உண்டு.

விரல் போனவன் கோர்ட்டுக்குப் போனால் கம்பெனி வக்கீலிடம் மூன்று ஆயுதங்கள் தயாராக இருந்தன. ஒன்று, ஆபத்தான வேலை என்று தெரிந்துதானே சேர்ந்தாய்? இரண்டு, உன் கூட வேலை பார்த்தவன் பண்ணிய தப்புக்கு முதலாளி என்ன செய்வார்? இரண்டும் எடுபடாவிட்டால் மூன்றாவது: உன் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு இல்லையா?

இருக்காதா பின்னே? பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் ஓடும் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிற மனிதன் ஒரு கணம்கூடப் பிசகாமல் இருக்க அவன் என்ன எந்திரமா? அந்த ஒரு கணம் போதும். கேஸ் குளோஸ்.

ரயில்வேயையும் புதிய தொழில்களையும் காப்பாற்றத்தான் நீதிபதிகள் இந்த விதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. கம்பெனி என்றாலே ஜூரிகள் அள்ளிக் கொடுத்துவிடுவார்கள் என்கிற பயம்தான் காரணம் என்பவர்களும் உண்டு. இல்லையில்லை, அந்தக் கால நீதிபதிகள் நாம் நினைக்கிற அளவுக்குக் கல்நெஞ்சர்கள் இல்லை என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். சண்டை இன்னும் முடியவில்லை. எது எப்படியோ, பலன் அடைந்தது யார் என்பதில் சந்தேகம் கிடையாது.

ஜூரிகளும் சும்மா இருக்கவில்லை. ஊரில் இருந்து பிடித்து வந்து உட்கார வைக்கப்பட்ட சாதாரண ஜனங்கள் அவர்கள். எதிரே கட்டுப் போட்டுக்கொண்டு ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். அவன் மேலும் கொஞ்சம் தப்பு உண்டு என்று தெரிகிறது. 'தப்பு' என்று எழுதினால் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. என்ன செய்வார்கள்? தப்பே இல்லை என்று எழுதிவிட்டு, தொகையில் மட்டும் கொஞ்சத்தைக் குறைத்துவிடுவார்கள். கோர்ட் செய்ய மறுத்த வகுத்தலை, ஜூரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மனக்கணக்காகப் போட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எல்லா ஜூரியும் இப்படி இளகும் என்று என்ன நிச்சயம்? உங்கள் அதிர்ஷ்டம், அன்றைக்கு உட்கார்ந்திருக்கிற பன்னிரண்டு பேரின் மனசு.

தண்டவாளத்தில் செத்தவர்களின் எண்ணிக்கை ஏற ஏற, வாஷிங்டனால் சும்மா இருக்க முடியவில்லை. 1906-ல் ரயில்வேத் தொழிலாளிகளுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1908 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தூக்கிப் போட்டது. மூன்றே மாதத்தில், ஓட்டையை அடைத்து மறுபடி ஒரு சட்டம். ஏப்ரலில் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். தொழிலாளி மேல் தப்பு இருந்தாலும் வழக்கு அடிபடாது, அவன் தப்புக்கு ஏற்ற பங்கை மட்டும் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்றது அந்தச் சட்டம்.

அப்பாடா. ஒருவழியாகக் கரையிலும் வகுத்தல் வந்துவிட்டது.

ஆனால் யாருக்கு? மாநிலம் விட்டு மாநிலம் ஓடுகிற ரயில்களில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும். அதே 1908-ல், அக்டோபர் மாதம், ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் விற்பனைக்கு வந்தது. இனிமேல் சாகப் போவது தண்டவாளத்தில் மட்டுமல்ல, தார்ச் சாலையிலும்தான். அங்கே இன்னும் 1809 விதிதான்.

1910-ல் மிசிசிப்பி மாநிலம் காயம் சம்பந்தப்பட்ட எல்லா வழக்குக்கும் பங்கு பிரிக்கலாம் என்று சட்டம் போட்டது. 1931-ல் விஸ்கான்சின் வேறொரு மாதிரி போட்டது. பிரிக்கலாம், ஆனால் உன் தப்பு எதிராளியின் தப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. மற்ற மாநிலங்களில் பெரும்பாலானவை பழைய பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தன.

பிள்ளையைப் பெற்ற இங்கிலாந்து? 1939-ல் ஒரு கமிட்டி விதியை மாற்றச் சொன்னது. அதற்குள் ஹிட்லர் வந்துவிட்டார். யுத்தம். ஐரோப்பாவில் யுத்தம் ஓய்ந்த அடுத்த மாதமே, 1945 ஜூனில், பார்லிமென்ட் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. அடிபட்டவன் மேலும் தப்பு என்பதற்காக வழக்கைத் தள்ளாதே. அவன் பங்குக்கு எது நியாயமோ அதை மட்டும் குறை. 136 வருடம் ஆயிற்று, டெர்பி கழியைச் சாலையிலிருந்து அகற்ற.

அமெரிக்காவில் இன்னும் முப்பது வருடம் ஆயிற்று. இனி டாக்ஸி கதைக்கு வரலாம்.

1968 நவம்பர் 21. லாஸ் ஏஞ்சல்ஸ். இரவு சுமார் ஒன்பது மணி. ஆல்வராடோ என்கிற சாலையில் ஒரு பெண்மணி ஓல்ட்ஸ்மொபைல் காரில் வடக்கே போய்க்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் பெட்ரோல் பங்க். அதற்குள் நுழைய வேண்டும். இடதுபக்கம் திரும்பி, எதிரே வண்டிகள் வருகிற மூன்று தடங்களையும் குறுக்கே கடக்க ஆரம்பித்தார். அமெரிக்காவில் வண்டிகள் வலதுபக்கம் போகும் என்பதை நினைவில் வையுங்கள். நமக்கு வலதுபக்கம் திரும்புவது எப்படியோ, அவர்களுக்கு இடதுபக்கம் அப்படி.

முன்னால் ஒரு மேடு. மேட்டு உச்சியில் ஒரு சிக்னல். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு டாக்ஸி வந்தது. சிக்னல் மஞ்சள். டாக்ஸி நிற்கவில்லை. மணிக்கு முப்பது மைல் வேகம். அந்த இடத்துக்கு அது அதிகம். பெண்மணியின் காரில் பின்பக்கமாக மோதியது. அவருக்குக் காயம். காருக்குப் பலத்த சேதம்.

கீழ்க் கோர்ட் அலசி ஆராய்ந்தது. டாக்ஸிக்காரர் மேல் தப்பு. சரி. எதிரே வண்டி நெருங்கி வரும்போது திரும்பியதால் பெண்மணி மேலும் தப்பு. அதுவும் சரி. ஆகவே?

சரியாகச் சொன்னீர்கள். பூஜ்யம்.

அவர் விடவில்லை. கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் வரை போனார். 'லீ எதிர் எல்லோ கேப்' என்று அந்த வழக்கு சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடம். 1975 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. தப்பின் அளவுக்குத்தான் பொறுப்பு, அதுதான் நியாயம், பழைய விதிக்கு இங்கே இனி வேலையில்லை என்று நீதிபதிகள் தூக்கிப் போட்டார்கள். அதோடு கழுதை காலத்துக் 'கடைசி வாய்ப்பு' விதியையும் சேர்த்தே மூட்டை கட்டினார்கள். பிரிக்கத் தெரிந்த பிறகு கொல்லைப்புற வழி எதற்கு?

கலிஃபோர்னியாவுக்கு இரண்டு வருடம் முன்பு, 1973-ல், ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றமும் இதையே செய்திருந்தது. பின்னாலேயே மாநிலங்கள் வரிசையாகக் கிளம்பின.

அந்த 1975 ஒரு வினோதமான வருடம். லாஸ் ஏஞ்சல்ஸ் விபத்து நடந்த அடுத்த மாதம், 1968 டிசம்பரில், நியூயார்க் பக்கத்தில் மேரி வேலன் என்கிற சின்ன எண்ணெய்க் கப்பல் தரை தட்டியது. அலைத்தடுப்பு முனையில் கடலோரக் காவல்படை எரிய வைத்திருக்க வேண்டிய விளக்கு எரியவில்லை. ஆனால் கப்பல்காரர்கள் மேல் அதைவிடப் பெரிய தப்பு. கப்பல் மேல் 75 சதவீதம், காவல்படை மேல் 25 சதவீதம் என்று கோர்ட் கண்டது. கண்டு என்ன பிரயோஜனம்? அமெரிக்கக் கடல் சட்டத்தில் அப்போதும் 'ஆளுக்குப் பாதி'தான். 1975 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதையும் மாற்றியது. பாதி என்பதும் சோம்பேறிக் கணக்குதான், தப்பின் அளவுக்குப் பிரி என்றது.

இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், லண்டனில் இன்னொரு தீர்ப்பு. இது கார் ஓட்டுகிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஒரு மனிதர் மனைவி, மகளோடு ஞாயிற்றுக்கிழமை காரில் போய்க்கொண்டிருந்தார். தன் பாதையில் ஒழுங்காகத்தான் போனார். எதிரே ஒருவன் முந்திக்கொண்டு வந்து தவறான பக்கத்தில் நேருக்கு நேர் மோதினான். விபத்துக்கு முழுப் பொறுப்பு அவன்தான். இவர் மேல் துளித் தப்பும் இல்லை. ஆனால் இவர் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. அப்போது அங்கே பெல்ட் கட்டாயமும் இல்லை. 1983-ல்தான் கட்டாயமாயிற்று.

டென்னிங் பிரபு ரொம்ப எளிமையாக யோசித்தார். விபத்துக்குக் காரணம் வேறு, காயத்துக்குக் காரணம் வேறு. மோதியதற்கு அவன் காரணம். மோதிய பிறகு தலையிலும் மார்பிலும் இவ்வளவு பலமாக அடிபட்டதற்கு, பெல்ட் போடாதது ஒரு காரணம். பெல்ட் போட்டிருந்தால் காயமே பட்டிருக்காது என்றால் 25 சதவீதம் கழி. குறைந்திருக்கும் என்றால் 15 சதவீதம். போட்டிருந்தாலும் இதே காயம்தான் என்றால் ஒன்றும் கழிக்காதே. அந்த மனிதருக்கு விரலும் உடைந்திருந்தது. பெல்ட் போட்டிருந்தாலும் விரல் தப்பியிருக்காது. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மொத்தத்தில் 20 சதவீதம் கழித்தார்கள்.

பாருங்கள், எல்லன்பரோ காலத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! அவர் கேட்டது ஒரே கேள்வி: தப்பு உண்டா, இல்லையா? இவர்கள் கேட்டது மூன்று: தப்பு உண்டா? எவ்வளவு? அந்தத் தப்பால் எந்தக் காயம்?

சரி, கதை சுபமாக முடிந்ததா? அதுதான் இல்லை.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் இன்று பங்கு பிரிக்கின்றன. ஆனால் ஒரே மாதிரி பிரிப்பதில்லை. கலிஃபோர்னியாவில் உங்கள் மேல் 90 சதவீதம் தப்பு என்றாலும் மீதி 10 சதவீதத்தைக் கேட்டு வாங்கலாம். வேறு பல மாநிலங்களில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் உங்கள் தப்பு 50 சதவீதத்தைத் தொட்டாலே பூஜ்யம். சில இடங்களில் 50 வரை கிடைக்கும், 51 ஆனால் பூஜ்யம். முன்னால் நின்று வழி காட்டிய ஃப்ளோரிடாவே 2023-ல் இந்தக் கோட்டுப் பக்கம் வந்துவிட்டது.

அந்த ஒரு சதவீதத்துக்காக அங்கே நடக்கிற யுத்தத்தை யோசித்துப் பாருங்கள். 50-க்கும் 51-க்கும் நடுவே வித்தியாசம் என்ன? எந்தத் தராசில் நிறுத்தார்கள்? ஒன்றும் கிடையாது. சில மனிதர்கள் உட்கார்ந்து மனசுக்குப் பட்ட எண்ணைச் சொல்கிறார்கள். ஆனால் லட்ச டாலர் நஷ்டப்பட்டவனுக்கு 50 என்றால் ஐம்பதாயிரம். 51 என்றால் வெறுங்கை.

இன்னும் நான்கு மாநிலங்கள் இருக்கின்றன. அலபாமா, மேரிலாண்ட், வட கரோலினா, விர்ஜீனியா. இங்கெல்லாம் 1809 இன்னும் உயிரோடு இருக்கிறது. தலைநகர் வாஷிங்டனிலும் அதேதான். அங்கே மட்டும் 2016-ல் நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். 2013-ல் மேரிலாண்டின் உயர்ந்த நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கால்பந்து மைதானத்தில் ஓர் இளைஞர் கோல் கம்பத்தின் மேல்கட்டையைப் பிடித்துத் தொங்கினார். கம்பத்தைத் தரையில் சரியாக முளை அடித்து நிறுத்தவில்லை. சரிந்து முகத்தில் விழுந்தது. பலத்த காயம். கிளப் மேல் தப்பு, தொங்கிய இளைஞர் மேலும் தப்பு என்று ஜூரி சொன்னது. நஷ்டஈடு பூஜ்யம். மாற்ற வேண்டுமானால் சட்டமன்றம் மாற்றட்டும், நாங்கள் கை வைக்க மாட்டோம் என்று நீதிபதிகளில் பெரும்பான்மையோர் ஒதுங்கிக்கொண்டார்கள்.

குறுக்கே ஒரு கழி. மோதிய மனிதர். பூஜ்யம். இருநூறு வருடம் கழித்தும் அதே காட்சி.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கு என்ன?' என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம். நம்முடைய விபத்து வழக்குகளிலும் 'உன் மேலயும் தப்பு' என்கிற வாதம் இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். நல்லவேளை, நம் தீர்ப்பாயங்கள் பங்கு பிரித்துத்தான் கழிக்கின்றன, ஒரேயடியாகத் துடைத்துவிடுவதில்லை. அதனால்தான் இங்கே சண்டையே சதவீதத்தில் இருக்கிறது.

டெல்லியில் 2008-ல் மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போனார்கள். பின்னாலிருந்து வந்த கார் மோதி, பின்சீட்டில் இருந்த இளைஞர் இறந்தார். ஒரு வண்டியில் மூன்று பேர் போவது சட்டப்படி தப்பு. ஆகவே 10 சதவீதம் கழி என்றது உயர் நீதிமன்றம். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மூன்று பேர் போனது விதிமீறல்தான். ஆனால் அதனால்தான் கார் மோதியதா? அல்லது அதனால்தான் அடி அதிகமாயிற்றா? இரண்டில் ஒன்றையாவது நிரூபித்தால் கழிக்கலாம். வெறுமனே 'நீ விதியை மீறினாய்' என்று சொல்லிப் பணத்தைப் பிடிக்க முடியாது என்றது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பஸ்ஸில் சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பஸ்ஸும் லாரியும் மோதுகின்றன. இரண்டு டிரைவர்கள் மேலும் தப்பு. அவர்களுக்குள் ஆளுக்கு எத்தனை பங்கு என்பது அவர்கள் பாடு. உங்கள் மேல் தப்பே இல்லை என்பதால், முழுத் தொகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். இதை 2015-ல் நம் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதுபோக எனக்கு, இதுபோக உனக்கு என்று யாராவது உங்களை அலைய விட்டால் நம்பாதீர்கள்.

விபத்து நடந்த இடத்தில், அடிபட்டு மயங்கிக் கிடக்கிறவனைப் பார்த்துக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: 'இவன் மேலயும் தப்பு இருக்குங்க.' இருக்கலாம். பெரும்பாலான விபத்துகளில் இருக்கும். நாம் எல்லாருமே ஏதோ ஒரு கணத்தில் வேறு பக்கம் பார்த்துவிடுகிறவர்கள்தானே?

ஆனால் அந்த வாக்கியத்தோடு நிறுத்திவிடக் கூடாது. 136 வருடம் இங்கிலாந்து அங்கேதான் நிறுத்தியது. அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்க அவர்களுக்கு அத்தனை காலம் பிடித்தது.

இருக்கு. சரி. எவ்வளவு?